நாய், குதிரை ஆகியவற்றின் வலியும் இயன்முறைச் சிகிச்சையும்

வண்டியிழுக்கும் குதிரையொன்று காலையில் லாயத்தை விட்டுப் புறப்படும்பொழுது, அடிக்கொரு முறை தலையை மேலே தூக்கி நடக்கின்றது. வண்டிக்காரர் அதனைக் கவனிக்கின்றார். ஆயினும் அன்றைய கூலியை இழக்க அவரால் இயலாது. அருகிலுள்ள மருந்துக் கடையில் வலிநீக்கும் மருந்தொன்றை வாங்கி ஊசி போடச் செய்கின்றார். நண்பகலுக்குள் குதிரை நேராக நடக்கின்றது. நோய் தீர்ந்துவிட்டதென்று கருதி வழக்கமான சுமையை ஏற்றுகின்றார். நான்காம் நாள் அதே குதிரை முன்னங்காலைத் தரையில் ஊன்ற மறுக்கின்றது. முதல் நாளன்று சிறிதளவே கிழிந்திருந்த தசைநாண், வலியின் எச்சரிக்கை மறைக்கப்பட்டதனால் முழுப் பாரத்தையும் தாங்கிப் பெரிதும் கிழிந்துபோயிற்று. குறைவான கால ஓய்வினால் ஆறியிருக்கக்கூடிய காயம், பல மாதங்களுக்கு அக்குடும்பத்தின் பிழைப்பையே நிறுத்திவிட்டது.

இத்தகைய நிகழ்ச்சியைக் கால்நடைத் துறை ஊழியர் பலரும் கண்டிருப்பர். வலியைப் போக்கிக் காயம் ஆற வழி செய்தல் ஒன்று. வலியை மறைத்து வேலை வாங்குதல் மற்றொன்று. இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை உணர்ந்து செய்யப்படும் சிகிச்சையே பிராணிகளுக்குரிய இயன்முறைச் சிகிச்சையாகும். மனிதருக்குப் 'பிசியோதெரபி' என்னும் பெயரால் அளிக்கப்படும் குளிர்ச்சி, வெப்பம், பிடித்துவிடுதல், பயிற்சி, நீர்ச் சிகிச்சை முதலியனவே தக்க மாறுதல்களுடன் நாய்க்கும் குதிரைக்கும் அளிக்கப்படுகின்றன.

2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் சுமார் 3 இலட்சத்து 40 ஆயிரம் குதிரைகளும் மட்டக்குதிரைகளும் இருந்தன. கோவேறு கழுதைகள் சுமார் 84 ஆயிரம். கழுதைகள் சுமார் 1 இலட்சத்து 20 ஆயிரம். இவற்றுள் பெரும் பகுதி செங்கற்சூளைகளிலும், மலைப் பாதைகளிலும், வண்டிகளிலும் உழைப்பவை. ஆதலின் இச்சிகிச்சை பந்தயக் குதிரைகளுக்கும் செல்வர் வீட்டு நாய்களுக்கும் மட்டுமே உரியது என்று எண்ணுதல் தவறு.

வலி என்பது யாது?

காயமுற்ற உறுப்பிலிருந்து நரம்புகளின் வழியாக முதுகுத்தண்டிற்கும் மூளைக்கும் செல்லும் அறிவிப்பே வலி உணர்வுக்கு அடிப்படையாகும். தன் வலியை வாயால் சொல்ல இயலாத உயிருக்கு வலியே இல்லை என்று கொள்ளலாகாது என்பதை, வலி ஆராய்ச்சிக்கான சர்வதேசச் சங்கம் 2020இல் திருத்தி வெளியிட்ட தனது விளக்கத்தில் தெளிவாகக் குறிப்பிட்டுள்ளது. மனிதரல்லாத பிராணிகளுக்கும் இக்கூற்று பொருந்துமென அதிலேயே சொல்லப்பட்டிருக்கின்றது.

வலி உண்டானவுடன் அவ்விடத்தைச் சுற்றியுள்ள தசைகள் இறுகுகின்றன. மூட்டினை அசையாது காத்தற்கு உடல் செய்யும் ஏற்பாடு இது. ஆனால் இறுக்கம் நீடிக்குமாயின் தசையில் இரத்த ஓட்டம் குறைந்து, அந்த இறுக்கமே புதிய வலிக்குக் காரணமாகின்றது. வலியினால் பயன்படுத்தப்படாத தசை மெலிகின்றது. தசை மெலியவே மூட்டு தன் ஆதாரத்தை இழக்கின்றது. ஆதாரமிழந்த மூட்டு மேலும் வலிக்கின்றது. வாரக் கணக்கில் இந்நிலை தொடர்ந்தால் நரம்பு மண்டலமே கூருணர்வு பெற்று, மெல்லத் தொட்டாலும் பிராணி துடிக்கின்றது. இவ்வாறு சுழன்று வரும் வலியின் வட்டத்தை எவ்விடத்திலாயினும் அறுத்தலே சிகிச்சையின் நோக்கமாகும்.

முழங்காலை மேசையில் இடித்துக்கொண்டவர் உடனே அவ்விடத்தைத் தேய்த்துவிட்டுக்கொள்கின்றார். வலி சற்றுத் தணிகின்றது. இதற்குரிய விளக்கமொன்றை 1965இல் ரொனால்டு மெல்சாக், பாட்ரிக் வால் என்னும் விஞ்ஞானிகள் வெளியிட்டனர். தொடுதலையும் அழுத்தத்தையும் உணர்த்தும் நரம்பிழைகள் முதுகுத்தண்டிலே ஒரு வாயிலை மூடுவது போலச் செயற்பட்டு, வலியின் அறிவிப்பு மூளையைச் சென்றடைவதைக் குறைக்கின்றன என்பது அவர்தம் கொள்கை. அதன் நுட்பங்கள் சில பின்னர்த் திருத்தப்பட்டன. எனினும் பிடித்துவிடுதலும், தோலின் மேல் செலுத்தப்படும் மெல்லிய மின்னோட்டமும் வலியைத் தணிப்பதற்கு இன்றும் இக்கொள்கையே விளக்கமாகக் கூறப்படுகின்றது.

குதிரையின் முகத்தைப் படித்தல்

காட்டில் வேட்டையாடும் விலங்குகளுக்கு இரையாகி வந்த இனமாதலால் குதிரை தன் பலவீனத்தைப் பிறர் முன் காட்டிக்கொள்ளாது. அந்நியர் ஒருவர் அருகில் வந்தவுடனே தலையை நிமிர்த்திக் காதுகளை முன்னே திருப்பி நலமுடையது போல் நிற்கும். ஆதலின் சோதிப்பவர் சில நிமிடம் தொலைவில் அமைதியாக நின்று பார்த்தல் வேண்டும்.

2014இல் ஐரோப்பிய ஆராய்ச்சியாளர் சிலர், விதையடிப்பு அறுவைச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் குதிரைகளின் முகத்தை ஒப்பிட்டு ஓர் அளவுகோலை வகுத்தனர். அதில் ஆறு குறிகள் உள்ளன: காதுகள் விறைத்துப் பின்னோக்கித் திரும்புதல், கண்ணிமை பாதி மூடி இறுகுதல், கண்ணுக்கு மேலுள்ள பகுதி இறுகி எலும்பு புடைத்துத் தெரிதல், மெல்லும் தசைகள் விறைத்து நிற்றல், வாய் இறுகி மோவாய் துருத்துதல், நாசித் துவாரங்கள் விரிந்து இறுகுதல். ஒவ்வொரு குறியும் இல்லையாயின் 0, ஓரளவு இருப்பின் 1, தெளிவாக இருப்பின் 2 என மதிப்பிடப்படும். மொத்தம் 12. எண்ணிக்கை உயர உயர வலியும் மிகுதியெனக் கொள்ளலாம்.

நடையும் பல செய்திகளைக் கூறும். முன்னங்காலில் வலியுள்ள குதிரை, அக்கால் தரையைத் தொடும்பொழுது தலையை மேலே தூக்கும்; நலமான கால் ஊன்றும்பொழுது தலையைத் தாழ்த்தும். கடினமான சமதரையில் கயிற்றைத் தளர்த்திப் பிடித்து மெதுவோட்டமாக நடத்தினால் இது எளிதிற் புலப்படும். பின்னங்காலில் வலியிருப்பின் அப்பக்கத்து இடுப்பு மற்றதைவிட அதிகமாக உயர்ந்து தாழும். முன்னங்கால்களை முன்னே நீட்டி, உடற்பாரத்தைப் பின்னே சாய்த்து, குதிகளில் ஊன்றி நிற்கும் குதிரைக்குக் குளம்பினுள் அழற்சி உண்டாகியிருக்கலாம். குளம்பு சூடாக இருத்தலும் அதற்கு மேலே நாடி வலுவாகத் துடித்தலும் இதன் அடையாளங்கள்.

குதிரை தன் விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தல், காலால் வயிற்றை உதைத்தல், வியர்த்துப் புரளுதல் ஆகியவை வயிற்று வலியின் குறிகள். அங்கே இயன்முறைச் சிகிச்சைக்கு இடமில்லை. கால்நடை மருத்துவரை உடனே அழைத்தல் வேண்டும்.

நாயின் குறிப்பை உணர்தல்

வலியுள்ள நாய் எப்பொழுதும் கத்தும் என்று எண்ணலாகாது. நாட்பட்ட மூட்டு வலியுடைய நாய் பெரும்பாலும் மௌனமாகவே இருக்கும். படியேறத் தயங்குதல், எழும்பொழுது பின்னங்கால்கள் தடுமாறுதல், ஓரிடத்தையே ஓயாது நக்குதல், முன்பு விரும்பிய விளையாட்டை வெறுத்தல், வீட்டாரைக் கண்டும் வாலாட்டாமல் ஒதுங்கிப் படுத்தல் ஆகியவற்றை வீட்டார் "வயதாகிவிட்டது" என்று சொல்லி விட்டுவிடுகின்றனர். முதுமை ஒரு நோயன்று. முதுமையில் வரும் மூட்டுத் தேய்வோ சிகிச்சைக்குரிய நோயாகும்.

அறுவைச் சிகிச்சை, விபத்து முதலியவற்றால் உண்டாகும் கடும் வலியை அளக்க ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக் கழகத்தில் வகுக்கப்பட்ட அளவுகோல் உலகெங்கும் பயன்பட்டு வருகின்றது. நாயின் குரல், காயத்தைக் கவனித்தல், நடை, தொடும்பொழுது காட்டும் எதிர்ப்பு, மனநிலை, படுத்திருக்கும் விதம் ஆகியவற்றிற்கு எண்கள் இடப்படுகின்றன. அதன் சுருக்க வடிவில் மொத்தம் 24. எண்ணிக்கை 6 அல்லது அதற்கு மேலாயின் வலிநீக்கும் மருந்து தேவைப்படலாம் எனக் கொள்ளப்படும்.

வலியுள்ள நாய், வளர்த்தவரையும் கடிக்கக்கூடும். தொடுவதற்கு முன் மென்மையான துணி நாடாவால் வாயைக் கட்டுதல் நலம். ஆனால் வாந்தியெடுக்கும் நாய்க்கும் மூச்சுத் திணறும் நாய்க்கும் வாய்க்கட்டுப் போடலாகாது. அறியாத தெரு நாயின் நடுக்கமும் தடுமாற்றமும் வெறிநோயின் அறிகுறியாகவும் இருக்கலாமாதலின் அதனைக் கையால் தொடாது மருத்துவருக்கு அறிவித்தல் வேண்டும். கடிபட்டவர் காயத்தைச் சோப்பும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, தாமதியாது மருத்துவமனையை அடைதல் வேண்டும்.

சிகிச்சையின் வரிசை

வலியின் காரணத்தைக் கண்டறியும் முன் சிகிச்சை தொடங்கலாகாது. குளம்பில் ஆணி தைத்த குதிரைக்குத் தோளைப் பிடித்துவிடுவதனால் பயனில்லை. எலும்பு முறிந்த நாய்க்குப் பயிற்சி தருவது பெருந்தீங்கு. 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டத்தின்படி நோயை நிர்ணயித்துச் சிகிச்சை அளித்தல் பதிவு பெற்ற மருத்துவரின் பணியாகும். அவருடைய மேற்பார்வையில் பின்வருவனவற்றைக் கள ஊழியரும் உரிமையாளரும் செய்யலாம்.

குளிர்ச்சி: காயமுற்ற முதல் 2 அல்லது 3 நாட்களுக்குக் குளிர்ச்சியே ஏற்றது. அது இரத்தக் குழாய்களைச் சுருக்கி வீக்கத்தைக் குறைக்கும். நரம்பின் வேகத்தைத் தணித்து வலியையும் குறைக்கும். பனிக்கட்டியைத் துணியில் சுற்றி 15 முதல் 20 நிமிடம் வரை வைத்து, நாளொன்றுக்கு மூன்று நான்கு முறை இதனைச் செய்யலாம். பனிக்கட்டியை நேரே தோலின்மேல் வைத்தல் கூடாது. அது கிடைக்காத ஊர்களில் குளிர்ந்த நீரில் நனைத்த துணியை அடிக்கடி மாற்றியிடுதலும், குதிரையின் காலில் குளிர்ந்த நீரை ஓடவிடுதலும் ஓரளவு பயன் தரும்.

வெப்பம்: வீக்கமும் சூடும் தணிந்த பின்னரே ஒத்தடம் கொடுக்கத் தொடங்க வேண்டும். இறுகிய தசை தளர்வதற்கும், விறைத்த மூட்டு இளகுவதற்கும் அது உதவும். ஒத்தடத் துணியை முதலில் தம் முன்கையின் உட்புறத்தில் வைத்துப் பார்த்து, இதமாக இருந்தால் மட்டுமே பிராணியின்மேல் வைத்தல் வேண்டும். புதுக் காயம், சீழ், இரத்தக் கசிவு, கட்டி ஆகியவை உள்ள இடத்தில் வெப்பம் கூடாது.

பிடித்துவிடுதல்: காயத்திற்கு அப்பாலுள்ள தசையில் தொடங்கி, உள்ளங்கையால் மெல்ல நீவி, பிராணி ஏற்றுக்கொள்ளும் அளவிற்கே அழுத்தத்தைக் கூட்டுதல் வேண்டும். குதிரை பெருமூச்சு விட்டுத் தலையைத் தாழ்த்துமாயின் சிகிச்சை இதமாக உள்ளதென்று அறியலாம். தோலைச் சுருக்கி விலகுமாயின் அவ்விடத்தை விட்டுவிட வேண்டும்.

அசைவு: நாயைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, மூட்டினை மெதுவாக மடக்கி நீட்டும் பயிற்சியை, வலி தோன்றாத எல்லைக்குள், ஒரு வேளைக்கு 10 முதல் 15 முறை வரை செய்யலாம். பின்னர் கயிற்றில் பிடித்து 5 நிமிடம் மெதுவாக நடத்துதலும், அதற்குப் பின் உட்கார்ந்து எழும் பயிற்சியும் தொடரும். முதுகு வலியுள்ள குதிரைக்குக் காரட்டுத் துண்டைக் காட்டி, கழுத்தை மார்பை நோக்கியும், விலாவை நோக்கியும், முன்னங்கால்களின் இடையிலும் வளைக்கச் செய்யும் பயிற்சி எளியது. இப்பயிற்சியை மூன்று மாதம் ஒழுங்காகச் செய்த குதிரைகளின் முதுகெலும்பைத் தாங்கும் ஆழ்ந்த தசைகள் பருத்ததை 2011இல் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டியது.

நீர்: நீரின் மிதப்பாற்றல் உடலின் பாரத்தைத் தாங்குகின்றது. நாயின் பின்னங்கால் குதிமூட்டளவு நீரில் அதன் கால்கள் தாங்கும் எடை, உடல் எடையில் சுமார் 91 விழுக்காடு. முழங்கால் மூட்டளவு நீரில் 85 விழுக்காடு. இடுப்பளவு நீரில் 38 விழுக்காடு மட்டுமே. தரையில் நடக்க இயலாத நாய் நீரில் நடப்பதன் இரகசியம் இதுவே. ஆனால் ஆறாத புண்ணுள்ள பிராணியை நீரில் இறக்கலாகாது; ஓட்டமுள்ள நீரும் வழுக்கும் கரையும் ஆகா.

இவை அனைத்திற்கும் பொதுவான விதி ஒன்றுண்டு. பயிற்சிக்கு மறுநாள் நொண்டல் மிகுந்தால், முந்தைய நாளின் பயிற்சி அளவு கடந்ததென்று கொண்டு அதனைப் பாதியாகக் குறைத்தல் வேண்டும். வலியைப் பொறுத்துக்கொண்டு பயிலும்படி பிராணியை வற்புறுத்தினால், அது காலைப் பயன்படுத்தவே அஞ்சும்.

மருந்தும் அதன் பின்விளைவும்

இயன்முறைச் சிகிச்சை மருந்துக்குப் பகையன்று. கடும் வலியுள்ள பிராணியின் தசை இயங்கவே மறுக்கும். ஆதலின் மருத்துவர் பலர் முதலில் மருந்தால் வலியைத் தணித்துப் பின்னரே மென்மையான பயிற்சியைத் தொடங்குகின்றனர். அம்மருந்து தரும் சுகத்தைப் பயிற்சிக்குப் பயன்படுத்தலாம், பாரமிழுக்கப் பயன்படுத்தலாகாது. குதிரை விளையாட்டுகளின் சர்வதேசச் சம்மேளனம் வலியை மறைக்கும் மருந்துகளின் செல்வாக்கில் குதிரை போட்டியிடுவதைத் தடை செய்திருப்பதன் காரணமும் இதுவே.

மனிதர் உண்ணும் வலிநீக்கி மாத்திரையை நாய்க்குக் கொடுத்தல் ஆபத்தானது. ஐபுபுரோஃபன் நாயின் இரைப்பையில் புண்ணை உண்டாக்கிச் சிறுநீரகத்தையும் கெடுக்கும். அழற்சி நீக்கும் மருந்துகள் இரண்டினை ஒருங்கே கொடுத்தலும், நீரின்றி வாடிய பிராணிக்கு அவற்றைக் கொடுத்தலும் தீங்காகும்.

மருந்தின் தீங்கு அதனை உண்ட பிராணியோடு நில்லாது என்பதற்கு நம் நாட்டின் பாறுகளே சான்று. பிணந்தின்னிக் கழுகுகள் எனப்படும் இப்பறவைகளுள் வெண்முதுகுப் பாறு, 1992க்கும் 2007க்கும் இடையில் இந்தியாவில் 99 விழுக்காட்டிற்கும் மேல் அழிந்தது. கால்நடைகளின் வலிக்குத் தரப்பட்ட டைக்குளோஃபினாக் என்னும் மருந்தே காரணமென்று, பாகிஸ்தானில் நடந்த ஆராய்ச்சி 2004இல் நிறுவியது. மருந்துண்டு இறந்த கால்நடையின் இறைச்சியைத் தின்ற பறவைகள் சிறுநீரகம் பழுதுற்று மாண்டன. 2006இல் கால்நடைகளுக்கான டைக்குளோஃபினாக் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. மனிதருக்கான பெரிய குப்பிகள் கால்நடைக்குப் பயன்பட்டு வந்தமையால், 2015இல் ஊசி மருந்துக் குப்பியின் அளவு 3 மில்லி லிட்டராகக் குறைக்கப்பட்டது. 2023இல் கீட்டோபுரோஃபன், அசிக்குளோஃபினாக் ஆகியவையும், 2024இன் இறுதியில் நிமசுலைடும் கால்நடைப் பயன்பாட்டிற்குத் தடையாயின. பாறுகளுக்குத் தீங்கற்றதென ஆராய்ச்சியால் அறியப்பட்ட மெலாக்சிகாம் இன்று மாற்று மருந்தாக உள்ளது. தடை செய்யப்பட்ட மருந்தைக் கேட்டு வரும் உரிமையாளரிடம் இவ்வரலாற்றை எடுத்துரைத்தல் ஊழியரின் பொறுப்பு.

வருமுன் காத்தல்

சுமை மிகுதி, பொருந்தாத சேணம், தேய்ந்த லாடம், கவனியாத குளம்பு ஆகிய நான்கும் உழைக்கும் குதிரையின் வலிக்கு முக்கியக் காரணங்கள். 1965ஆம் ஆண்டின் பாரமிழுக்கும் மற்றும் பொதி சுமக்கும் விலங்குகள் வதைத் தடுப்பு விதிகளின்படி மட்டக்குதிரையின்மேல் 70 கிலோவும், கோவேறு கழுதையின்மேல் 200 கிலோவும், கழுதையின்மேல் 50 கிலோவுமே பொதியாக ஏற்றலாம். நாளொன்றுக்கு 9 மணி நேரத்திற்கு மேலும், இடையில் ஓய்வின்றி 5 மணி நேரத்திற்கு மேலும் வேலை வாங்குதல் கூடாது. வெப்பம் 37 டிகிரி சென்டிகிரேடுக்கு மேற்படும் இடங்களில் நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை வேலை வாங்குவதும் தவறு. நோயுற்ற அல்லது காயமுற்ற பிராணியை வேலையில் ஈடுபடுத்துதல் 1960ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும்.

நாய்க்கு மிகுந்த சுமை அதன் சொந்தக் கொழுப்பே. 48 லாபிரடார் நாய்களை ஆயுள் முழுவதும் கவனித்து 2002இல் வெளியிடப்பட்ட ஆராய்ச்சியில், 25 விழுக்காடு குறைவாக உணவு பெற்ற நாய்கள் மற்றவற்றைவிட ஏறத்தாழ 1.8 ஆண்டு அதிகமாக வாழ்ந்தன. மூட்டுத் தேய்வும் அவற்றிற்குத் தாமதமாகவே வந்தது.

ஆசிரியர்களுக்கும் ஊழியர்களுக்கும்

பள்ளிக்கூடத்தில் இதனைக் கற்பிக்கக் கருவிகள் தேவையில்லை. சந்தையில் நிற்கும் குதிரையொன்றைத் தொலைவிலிருந்து பத்து நிமிடம் பார்த்து, காது, கண், நாசி, நிற்கும் நிலை ஆகியவற்றைக் குறித்துவரும்படி மாணவர்களைப் பணிக்கலாம். கூர்ந்து நோக்குதல் என்னும் விஞ்ஞானத்தின் முதற்பாடம் அதில் அடங்கியுள்ளது. பிராணியின் துயரை உணரும் பண்பும் அதனோடு வளரும்.

கள ஊழியரின் பணி இதனினும் கடினமானது. "இன்று ஓய்வு கொடுங்கள்" என்று அவர் சொல்லும்பொழுது, வண்டிக்காரர் அன்றைய உணவைப் பற்றிக் கவலையுறுகின்றார். அக்கவலை நியாயமானதே. அதனை மறுத்துரைப்பதனால் பயனில்லை. கணக்கிட்டுக் காட்டுதலே வழி. இன்று சிறிதளவு கிழிந்துள்ள தசைநாண் ஆறக் குறைவான காலம் ஆகும். நான்கு நாள் கழித்துப் பெரிதும் கிழிந்த தசைநாண் ஆறப் பல மாதம் ஆகும். ஆறினும் பழைய வலிமை வருமென்பது உறுதியில்லை. காலையில் லாயத்து வாயிலில் தலையைத் தூக்கித் தூக்கி நடக்கும் குதிரை இச்செய்தியைத்தான் சொல்கின்றது. அதனைப் படிக்கத் தெரிந்தவர் ஊருக்கு ஒருவர் இருப்பாராயின், அக்குதிரையும் அதனை நம்பி வாழும் குடும்பமும் காக்கப்படும்.